மஞ்சக்குப்பம் மாடி வகுப்பு: பாடம் பிள்ளைக்கு இல்லை, ஊட்டுகிறவருக்கு

கட்டணம் 2,400 ரூபாய். என்னிடம் விசாரித்த எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான், அதனால் அதிலேயே ஆரம்பிக்கிறேன். இரண்டு மாதம், சனிக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை, இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள், கூடவே ஒரு பெரியவர். பிள்ளைகளுக்கு ஒழுங்கான சாப்பாட்டுப் பழக்கமும் ஓடியாடுகிற பழக்கமும் வரவேண்டும் என்பதற்காக நடத்துகிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது, போர்டு கிடையாது, பெயரும் கிடையாது, ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் போவதுதான். நடத்துகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அங்கன்வாடியில் ரொம்ப வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவரை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்னொருவர் ஊட்டச்சத்துப் படிப்பு முடித்த அவருடைய சொந்தக்காரப் பெண்.

சுருக்கமாகக் கேட்டால், சாப்பாட்டுப் பாதிக்குக் கொடுத்த காசு தகும், விளையாட்டுப் பாதி சுமார், கடைசியில் விற்கிற மாவை வாங்காதீர்கள். நேரம் இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம்.

சேரும்போதே ஒரு கண்டிஷன் போடுகிறார்கள். காசு கட்டுகிறவர் வரத் தேவையில்லை, வீட்டில் பிள்ளைக்கு யார் ஊட்டுகிறாரோ அவர்தான் வரவேண்டும். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், மூன்றரை வயதுப் பாப்பாவுக்கு மூன்று வேளையும் என் அம்மாதான். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் வந்த பதில்: "எனக்கு எதுக்குடா க்ளாஸு? உன்ன யாரு வளத்தா?" நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பாப்பாவைத் தனியாக அனுப்ப மனசு வராமல் கிளம்பிவிட்டார். என்னைப் போல வேடிக்கை பார்க்க வருகிறவர்களைப் பின்வரிசையில் உட்கார விடுகிறார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு.

இந்தக் கண்டிஷன்தான் இந்த வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பிள்ளை வளர்ப்பு பற்றி எங்கே போனாலும் படித்த அப்பா அம்மாவை உட்கார வைத்துப் பேசுகிறார்கள், அவர்கள் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் ஒப்பிக்கிறார்கள், பாட்டி சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் அவர் போக்கில் ஊட்டுகிறார். இங்கே பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசி ஆயாக்கள், அதாவது பாட்டிகள், இரண்டு மூன்று அம்மாக்கள், ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கும் அக்கா. அவர்களிடம் டீச்சர் பேசுகிற விதமே வேறு. "நீங்க இத்தன வருஷமா என்ன செஞ்சீங்க சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் தன் பேச்சை எடுக்கிறார்.

நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். பத்தரை மணிக்குப் பாய் நடுவில் நான்கு எவர்சில்வர் கிண்ணம் வருகிறது. ஒரு நாள் இருந்தது இது: குழைய வெந்த பச்சைப்பயறு சுண்டல், நீளவாக்கில் வெட்டி ஆவியில் வெந்த கேரட், நாலாக வெட்டிய அவித்த முட்டை, பப்பாளித் துண்டு. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு சின்னக் கரண்டி. பிள்ளைகள் தாங்களே அள்ளித் தட்டில் போட்டுக்கொள்ள வேண்டும், சிந்தினால் சிந்தட்டும். பெரியவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "சாப்பிடு", "இன்னும் ஒரே ஒரு வாய்", "அந்தக் குட்டி பாரு எவ்ளோ சமத்தா தின்னுது" என்ற மூன்று வசனத்துக்கும் தடை. முழுக்கத் தின்ற பிள்ளையைப் பாராட்டவும் தடை. எங்கள் பாப்பா அன்று பப்பாளியை மட்டும் நான்கு துண்டு எடுத்தாள், சுண்டலில் ஒரே ஒரு பயறை எடுத்து நசுக்கிப் பார்த்துத் தட்டின் ஓரத்தில் ஒட்டி வைத்தாள். அம்மாவின் வலது கை தானாகவே எழும்பி எழும்பி இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்து அம்மாவின் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் இருக்கும் முறை டீச்சர் கண்டுபிடித்தது இல்லை, அவரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல வருஷத்துக்கு முன்பே வகுத்த பொறுப்புப் பிரிவினை அது. என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பதெல்லாம் பெரியவர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. கேட்க ரொம்ப எளிது. ஆனால் நம் வீடுகளில் இரண்டாவதைப் பிள்ளையிடம் விடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள், தட்டில் சோறு மீந்தால் பாட்டிக்கு அன்று தூக்கம் வராது.

"அப்ப கொழந்த பட்டினி கெடக்கணுமா?" என்று என் அம்மா கேட்டேவிட்டார். டீச்சர் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே எழுதினார். பிறந்தபோது 3 கிலோ. ஒரு வயதில் சுமார் 9 கிலோ, அதாவது மூன்று மடங்கு. இரண்டாவது வருஷம் ஏறுவது ஏறக்குறைய இரண்டரை கிலோதான். அதற்கு மேல் வருஷத்துக்கு இரண்டு கிலோ. "மொத வருஷம் ஆறு கிலோ ஏறுன ஒடம்பு, இப்ப ரெண்டு கிலோதான் ஏறணும், அப்ப பசி கொறையாம என்னம்மா பண்ணும்?" என்றார். ஆயாக்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கைக்குழந்தையாக இருந்தபோது நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை மூன்று வயதில் கொறிக்கிறதே என்ற கவலை அங்கே இருந்த ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருக்கிறது, யாரும் அதைக் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. கூடவே ஒன்றைச் சேர்த்துச் சொன்னார், அதுவும் முக்கியம்: பசி குறைவது சரி, எடை ஏறாமலே நின்றாலோ இறங்கினாலோ அது வேறு விஷயம், டாக்டரைப் பார்க்க வேண்டும். அங்கன்வாடியிலோ ஆஸ்பத்திரியிலோ தருகிற வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள், கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்க்காதீர்கள் என்றார்.

அப்புறம் செல்போன். முன்பெல்லாம் நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி, பூச்சாண்டியைக் கூப்பிட்டு ஊட்டினார்கள், இப்போது யூடியூப். டீச்சருக்கு இரண்டும் ஒன்றுதான், பிள்ளை வயிறு சொல்வதைக் கேட்க விடாமல் கவனத்தைத் திருப்பி வாயில் திணிப்பது என்கிறார். போன் இல்லாமல் ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, அதுவும் எந்த வேளையில் வீட்டில் கூட யாராவது உட்கார்ந்து சாப்பிடுகிறார்களோ அந்த வேளை என்று தொடங்கச் சொன்னார். மூன்று வேளையும் உடனே நிறுத்து என்று சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் மறுநாளே கைவிட்டிருப்போம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரை நேரம் மொத்தமே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது. சாப்பாட்டு நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தாலே எங்கள் வீட்டில் அது தாண்டிவிடும் போலிருந்தது.

டீ விஷயத்தில்தான் பெரிய சண்டை. நம் பக்கத்தில் சாயங்காலம் டீயில் பொறை தொட்டுக் கொடுக்காத வீடு எத்தனை இருக்கும்? சாப்பாட்டோடு சேர்ந்து குடிக்கிற டீ, கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஊட்டச்சத்துப் படித்த அந்தப் பெண் இந்த எண்ணைச் சொன்னபோது யாரும் அசையவில்லை. டீச்சர் குறுக்கே வந்து, "நீங்க முருங்கக்கீரைய உருவி ஆய்ஞ்சி பொரியல் பண்றது ஒரு மணி நேர வேல, அதுக்கு மேல அர டம்ளர் டீய ஊத்தி நீங்களே அழிச்சிடுறீங்க" என்றதும் எல்லாருக்கும் சுருக்கென்றது. உழைப்பு வீணாகிறது என்றால் நம் ஆட்களுக்குப் பொறுக்காது. எலுமிச்சை பிழிந்த சுண்டல், நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும் என்பதையும் சொன்னார்கள். வேர்க்கடலை முழுசாகக் கொடுக்காதீர்கள், நாலைந்து வயது ஆகும்வரை மூச்சுக்குழாயில் போய் அடைக்கும் ஆபத்து இருக்கிறது, பொடித்தோ அரைத்தோ கொடுங்கள் என்றார்கள். கடலை விளைகிற நம் ஊரில் இதை இன்னும் சத்தமாகச் சொல்லலாம்.

பிடிக்காத ஒன்றைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் பல பிள்ளைகள் வாயில் வைக்கவே துணிவார்கள் என்பதும் எனக்குப் புதிது. நாம் மூன்றாவது தடவையிலேயே "அவளுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம், அதுவும் அவள் காது கேட்க.

குறைகளுக்கு வருகிறேன், இருக்கின்றன.

சுவரில் ஒட்டியிருக்கிற படங்கள். புராக்கோலி, ப்ளூபெர்ரி, அவகேடோ, சால்மன் மீன். நான் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டேன். கொஞ்ச தூரத்தில் முதுநகர் துறைமுகம், விடிகாலையில் நெத்திலியும் சங்கராவும் வந்து இறங்குகிறது, பண்ருட்டிப் பலாப்பழம் சீசனில் ரோடு ஓரமெல்லாம் குவிந்து கிடக்கிறது, உழவர் சந்தையில் கீரைக்கட்டு கிடைக்கிறது, இங்கே வந்து சால்மன் படம் எதற்கு? இணையத்தில் எடுத்து லேமினேட் போட்டிருப்பார்கள். வாயால் சொல்வதெல்லாம் கேழ்வரகு அடையும் நெத்திலிக் குழம்புமாகத்தான் இருக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் ஒரு ஆயா என்னிடம் மெதுவாக, "தம்பி, இந்தப் பச்சப் பூவு நம்ம மார்க்கெட்ல விக்கிதா?" என்று கேட்டார். படம் போய்ச் சேருகிற லட்சணம் இது.

விளையாட்டுப் பாதி எனக்கு ஏமாற்றம். அதே உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாளுக்கு 180 நிமிஷமாவது அசைந்துகொண்டே இருக்க வேண்டும், அதில் 60 நிமிஷம் மூச்சு வாங்கும்படி. வகுப்பில் நடப்பது வளையத்துக்குள் குதிப்பது, பாட்டுக்கு ஆடுவது, பந்து உருட்டுவது. வளையம் மூன்று, பிள்ளைகள் ஒரு டஜன், ஆக முக்கால் நேரம் வரிசையில் நின்று மூக்கை நோண்டுவதுதான் நடக்கிறது. மாடியில் கீற்றுக்கொட்டகை போட்டிருக்கிறார்கள், இருந்தாலும் பத்து மணிக்கு மேல் புழுக்கம் தாங்காது. இதற்குக் காசு கொடுப்பதைவிட சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் மணலில் விட்டால் போதும், மணலில் ஓடுவது தரையில் ஓடுவதைவிடக் கூடுதல் வேலை, பிள்ளைக்கு அது வேலை என்றே தெரியாது. அலை பக்கம் மட்டும் விடாதீர்கள், அந்தக் கடல் அமைதியாகத் தெரியும், இழுக்கும்.

ஆனால் இதிலும் ஒரு நல்ல விஷயத்தை ஒதுக்க முடியாது. முட்டிவலி உள்ள ஆயா எப்படிப் பிள்ளையை ஓட வைப்பது? தெருவில் விட முடியாது, பைக்கும் நாயும். தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதனால்தான் பல வீடுகளில் டிவி ஓடுகிறது, சோம்பலால் இல்லை. டீச்சர் இதைப் புரிந்துகொண்டு, பெரியவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க, பிள்ளை ஓடுகிற மாதிரி விளையாட்டுகளைச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது 'கொண்டா' விளையாட்டு. அம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி, "ஒரு வேப்பிலை கொண்டா, தவளை மாதிரி தத்தித் தத்தி வா", "சேப்புக் கலர்ல ஏதாவது கொண்டா, நொண்டி அடிச்சிக்கிட்டு வா" என்பார். பாப்பா கொல்லைக்கும் திண்ணைக்குமாக ஓடுவாள். கொண்டுவந்து போடுகிற பொருள்களில் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியும் அடக்கம், அதை எண்ணெய்க் கையோடு. ஓடி முடித்துப் பசியோடு உட்காருகிற பிள்ளைக்கு ஊட்டிவிட வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடுகிறது, சாப்பாட்டையும் ஓட்டத்தையும் ஒரே வகுப்பில் ஏன் சேர்த்தார்கள் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு இன்னும் நேரம் ஒதுக்கி வளையத்தை ஓரங்கட்டினால் இந்தப் பாதியும் தேறிவிடும்.

எடை போட்ட விதம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எல்லார் முன்னாலும் மிஷினில் ஏற்றி, அந்தப் பெண் எண்ணைச் சத்தமாகப் படிக்க, ஒரு ஆயா உடனே தன் பேரனைப் பார்த்து "பாரு, உன்னவிட சின்னப் புள்ள" என்று ஆரம்பித்துவிட்டார். குறைந்த எடை வந்த ஒரு பையனின் அம்மா முகத்தை யாரும் பார்க்க முடியவில்லை. அடுத்தவர் பிள்ளையோடு ஒப்பிடாதே என்று ஒரு மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு இதைச் செய்வது என்ன நியாயம்? வகுப்பு முடிந்ததும் போய்ச் சொன்னேன். முகம் சுளிக்காமல் கேட்டார்கள், அடுத்த முறை உள் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்து அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு மார்க் திருப்பிக் கொடுக்கலாம்.

மழையில் ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை, கடலூர் ஐப்பசி, கார்த்திகையில் யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் அதற்கு ஈடாக வேறு நாளும் வைக்கவில்லை, காசும் கழிக்கவில்லை.

அப்புறம் அந்த மாவு. கடைசி வகுப்பில் அரைக் கிலோ 450 ரூபாய் என்று ஒரு தானிய மாவுப் பாக்கெட்டை எடுத்து வைக்கிறார்கள். வாங்கு என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை, ஆனால் இரண்டு மாதம் பழகிய டீச்சர் எதிரில் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல என்னவோ போல இருக்கிறது. பின்பக்கம் படித்துப் பார்த்தேன், கேழ்வரகு, கோதுமை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லத்தூள். வீட்டில் வறுத்து மில்லில் கொடுத்து அரைத்தால் இந்த விலையில் கால்வாசிகூட ஆகாது. டப்பா பானங்களை நம்பாதீர்கள் என்று முந்தின வாரம்தான் சொல்லிக் கொடுத்தார்கள், 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் அந்தப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொல்லி ஆன்லைன் கடைகளுக்கு எழுதியதைக்கூடச் சொன்னார்கள். மறுவாரமே தங்கள் பாக்கெட்டை நீட்டினால் எப்படி?

இத்தனைக்கும் அங்கன்வாடியில் சத்துமாவு இலவசம். அங்கன்வாடி 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம், நம் தெருவிலேயே இருக்கிறது, நம்மில் பாதிப் பேர் அது நமக்கில்லை என்று தாண்டிப் போகிறோம். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் போட்ட கணக்கில் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு அங்கே நாளுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்று இருந்தது, எடை குறைந்த பிள்ளைக்கு 800 கலோரி, 20 முதல் 25 கிராம், 2023-ல் இந்த அளவுகளைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் இரண்டு வயதுக்கு மேல் வாரம் மூன்று முட்டை, கலவைச் சாதம், மாதாமாதம் எடை. உங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் மனசு வைத்துப் பேசுகிறவராக இருந்தால் இந்த வகுப்பில் கிடைப்பதில் பாதி அங்கேயே காசில்லாமல் கிடைக்கும், முதலில் அங்கே போய் ஒரு தடவை கேளுங்கள். கிடைக்காத மீதிப் பாதி, ஆயாக்களை இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, கையைக் கட்டிப் போட வைப்பது. என் 2,400 ரூபாய் அதற்குத்தான் போனது என்று கணக்கு எழுதிக்கொண்டேன்.

வீட்டில் என்ன மாறியது என்றால், பெரிதாக எதுவும் இல்லை. கீரைப் பொரியல் இன்னும் தட்டோரத்தில்தான் கிடக்கிறது, கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரை போட்டால் மட்டும் தின்கிறாள். ராத்திரிச் சாப்பாடு போன் இல்லாமல், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, அவள் தானே பிசைந்து, பாதி தரைக்குப் போகிறது. அம்மா இப்போது "போதுமா?" என்று ஒரு தடவை கேட்கிறார், போதும் என்றால் தட்டை எடுத்துவிடுகிறார், எடுக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. டீ நின்றது, பொறை நிற்கவில்லை, பாலில் தொட்டுக்கொள்கிறாள். தாத்தா சாயங்காலம் வாக்கிங் போய்விட்டு வரும்போது சட்டைப்பையில் சிப்ஸ் பாக்கெட் கொண்டுவருவதும் நிற்கவில்லை. வகுப்பில் தாத்தாக்களுக்கு என்று எதுவும் இல்லை, வந்தவர்களும் ஒருவர் இருவர்தான், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களையும் உள்ளே கூப்பிடுங்கள் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

யார் சேரலாம்? மூன்று வேளையும் சாப்பாட்டு நேரம் என்றாலே வீட்டில் போர்க்களம் ஆகிறது, ஊட்டுவது நீங்கள் இல்லை வேறு ஒருவர், அவரிடம் நீங்கள் சொன்னால் எடுபடாது என்றால் தாராளமாகச் சேருங்கள். பிள்ளை ஓடியாட இடம் வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம், பீச் போங்கள். எடை நிஜமாகவே ஏறாத பிள்ளை என்றால் முதலில் குழந்தை டாக்டர், வகுப்பெல்லாம் அப்புறம்.

அடுத்த பேட்ச் பொங்கல் கழித்துத்தான் என்றார்கள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை. மாடிப்படி செங்குத்து, ஒரு பக்கம் கைப்பிடியும் இல்லை, முட்டிவலிக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழ் வராந்தாவில் வைத்துக்கொள்கிறார்கள், சொல்லாவிட்டால் மாடிதான். மாற்றுச் சட்டை ஒன்று கையோடு கொண்டுபோங்கள், பப்பாளிக் கறை சட்டென்று போகாது.